கூடை விழாத படங்கள்

மேசை மேல் பதினோரு படங்கள் கிடந்தன. எல்லாவற்றிலும் அம்மா இருந்தாள். எல்லாவற்றிலும் கடல் இருந்தது.

மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பெண் அதிகாரிக்கு என் வயதுதான் இருக்கும். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு படமாக எடுத்தார். பார்த்து முடித்ததைக் கவிழ்த்து வைத்தார். வெளியே ஆடி மாத மழை. தகரக் கூரையில் அது விழுந்த சத்தத்தில் மின்விசிறி சுற்றுவது கண்ணுக்குத்தான் தெரிந்தது. சுவரோரம் சாய்த்து வைத்த குடைகளிலிருந்து தண்ணீர் கோடு கோடாகத் தரையில் இறங்கியது.

கடைசிப் படத்தையும் கவிழ்த்துவிட்டு அவர் அம்மாவைப் பார்த்தார். கோபமில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்ட முகம்.

"சேச்சி, இதில் கச்சவடம் எவிடே?"

வியாபாரம் எங்கே என்று கேட்கிறார். அம்மாவுக்கு மலையாளம் என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனாலும் அவள் புரியாதவள் போல என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

அதிகாரி தமிழுக்கு மாறினார். "எல்லாப் படத்திலயும் நல்ல சேலை கட்டி, பூ வெச்சு நிக்கறீங்க. பின்னால கடல். கண்டா டூரிஸ்ட் மாதிரி. இதை வெச்சு, இவங்க இங்கே பழம் விக்கறவங்கன்னு நான் எப்படி எழுதறது?"

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். முகத்தில் ஈரம் ஒன்றும் இல்லை.

அட்டை

இந்தத் தொடரை இடையில் படிக்க வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் ஊர் கோம்பை. அப்பா திராட்சைத் தோட்டங்களில் கவாத்து வெட்டுகிறவர். அம்மா பேச்சியம்மாள், மலைக்கு அந்தப் பக்கம், ஆலப்புழைக்குத் தெற்கே ஒரு கடற்கரையில் பழம் விற்கிறவள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆளும் நான்தான். இதைச் சொல்லும்போது இன்றைக்கும் என் முதுகு தானாக நிமிரும்.

ஐப்பசி மழை ஓய்ந்ததும் அம்மா புறப்படுவாள். சித்திரை கழிந்து கடல் பொங்க ஆரம்பித்தால் அங்கே ஆட்கள் வரமாட்டார்கள். அப்போது ஊர் திரும்புவாள். அணை திறந்து, பள்ளத்தாக்கில் நாற்று நடுகிற நேரத்துக்குச் சரியாக வந்து சேர்வாள். பாதி வருடம் உப்புத் தண்ணீர், பாதி வருடம் சேற்றுத் தண்ணீர். அவள் கால் நகங்கள் எந்த மாதத்திலும் முழு வெள்ளையாக இருந்து நான் பார்த்ததில்லை.

முதலில் எங்கள் ஊர்ப் பன்னீர்த் திராட்சையைத்தான் கொண்டுபோனாள். கம்பத்தில் பஸ் ஏறி, குமுளி தாண்டி, கோட்டயத்தில் மாறிப் போய்ச் சேர்வதற்குள் பாதிப் பெட்டி ஒழுகிவிடும். "நாங்க திராட்சை வித்ததவிட பஸ்ஸக் குளிப்பாட்டுனதுதேன் அதிகம்" என்பாள். பிறகு அங்கேயே அன்னாசியும் மாங்காயும் பப்பாளியும் வாங்கி, அறுத்து, மிளகாய்ப்பொடி தூவி விற்கத் தொடங்கினாள். அப்போது நான் மூன்றாம் வகுப்பு.

இரண்டு பருவத்துக்கு முன்னால் அந்தக் கடற்கரையில் ஓர் அறிவிப்பு வந்தது. இனிமேல் அட்டை இருப்பவர்கள் மட்டுமே மணலில் இறங்கி விற்கலாம். விற்பவர்கள் கூட்டம் பெருகிவிட்டது, பழைய ஆட்களுக்கே முதல் உரிமை என்றார்கள். நியாயமான பேச்சுதான். பழைய ஆள் என்பதற்கு ஏதாவது ஒரு பழைய சான்று வேண்டும் என்றார்கள். அதுவும் நியாயம்தான்.

ஆனால் அம்மாவிடம் என்ன இருக்கும்? அவளுக்குப் பழம் கொடுத்த கடைக்காரர் இறந்துபோய், அந்தக் கடையில் இப்போது செல்போன் விற்கிறார்கள். ஆறு பெண்கள் சேர்ந்து படுக்கும் அறைக்கு எழுத்து எதுவும் கிடையாது. மணலில் நடந்த நடைக்கு யார் ரசீது கொடுப்பார்கள்?

மூக்கம்மா அத்தையிடம் ரசீது இருந்தது. அத்தை என்பது வாய்முறைதான். பண்ணைப்புரத்துக்காரி. அம்மாவோடு ஒரே அறையில் படுத்து, ஒரே மணலில் விற்கிறவள். பல வருடங்களுக்கு முன்னால், விற்கக் கூடாத இடத்தில் கூடையை இறக்கினாள் என்று அவளிடம் அபராதம் வாங்கியிருந்தார்கள். அந்தத் தாளை எட்டாக மடித்துச் சுருக்குப்பையில் வைத்திருந்தாள். அதிகாரி அதைப் பிரித்துப் பார்த்து, மறுபேச்சில்லாமல் முத்திரை குத்தினார்.

"அன்னைக்கு அழுதுக்கிட்டே கட்டுனேன் பேச்சி. இன்னைக்கு அதுதேன் எனக்குப் பட்டா" என்றாள் அத்தை, வாசலில் நின்று குடையை விரித்தபடி. "நீயும் ஒருநா மாட்டியிருக்கலாம்ல? காக்கிச் சட்டையக் கண்டா மானு கணக்கா ஓடுவயே."

அம்மா ஒருமுறைகூட மாட்டியதில்லை. ஒழுங்காக இருந்ததற்கு அவள் கையில் தாள் எதுவும் இல்லை.

போணிக்கு முன்னால் கேமரா ஆகாது

பதினோரு படத்திலும் ஏன் கூடை இல்லை என்று அந்த அதிகாரிக்கு விளக்கிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இங்கே சொல்கிறேன்.

கடற்கரையில் விற்கும் எங்கள் பக்கத்துப் பெண்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஊருக்கு அனுப்புவதற்காகப் படம் எடுத்தால், அதில் கூடை விழக் கூடாது. சவுக்கு மரத்தடியில் கூடையை இறக்கி ஈரத்துண்டால் மூடிவிடுவார்கள். தலைக்கும் கூடைக்கும் நடுவில் சும்மாடு வைத்திருப்பார்கள், பழைய துணியைச் சுருட்டிய வளையம். அது இருந்த இடத்தில் முடி அமுங்கிப் பள்ளமாக இருக்கும். தண்ணீர் தொட்டுச் சீவி அதை மறைப்பார்கள். மணல் சூட்டுக்காகப் போட்டிருக்கும் ஆம்பளை சாக்ஸைக் கழற்றி இடுப்பில் செருகுவார்கள். அறையில் இருப்பதிலேயே நல்ல சேலை ஒன்று எல்லோர் உடம்பிலும் ஏறி இறங்கும். என் அம்மாவின் பதினோரு படத்தில் நான்கில் அவள் கட்டியிருப்பது மூக்கம்மா அத்தையின் சேலை.

காரணம் கேட்டால் ஆளைப் பார்த்துச் சொல்வார்கள். வெளியாட்களிடம், "கேமராக் கண்ணு பட்டா சரக்கு விக்காம நிக்கும்" என்பார்கள். அதிலும் போணி ஆவதற்கு முன்னால் கேமராவே ஆகாது. அன்றைய முதல் விற்பனை கைக்கு வந்த பிறகுதான் யாரும் அவர்கள் பக்கம் கேமராவைத் திருப்பலாம். வெள்ளைக்காரர்கள் தூரத்திலிருந்து எடுக்கப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடப்பார்கள்.

இன்னொரு காரணத்தை மூக்கம்மா அத்தை ஒருநாள் பட்டென்று சொன்னாள். "நாலு பேரு பாக்குற படம். நாளைக்கு எம் மகளப் பொண்ணு பாக்க வாரவுக, ஆத்தாக்காரி தலையில கூடையப் பாத்துட்டுத் திரும்பிப் போகவா?"

வயலில் முழங்கால் சேற்றில் நிற்பது எங்கள் ஊரில் குறைச்சல் இல்லை. தெரியாத ஊரில், தெரியாத ஆட்கள் முன்னால், "பழம் வேணுமா" என்று குனிவதுதான் குறைச்சல். அதனால் ஊருக்குப் போன படங்களில் இந்தப் பெண்கள் எல்லோரும் கடல் பார்க்கப் போனவர்களாக இருந்தார்கள்.

அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஏழாம் வகுப்பு அரைப்பரீட்சை விடுமுறையில் அம்மா என்னை அங்கே கூட்டிப் போனாள். அலை தொட்டுப் போன ஈர மணலில்தான் அவள் நடப்பாள். அது இறுகியிருக்கும், தலையில் பாரம் இருப்பவர்களுக்குக் கால் புதையாது. நான் அவளுக்குப் பத்தடி முன்னாலேயே நடந்தேன். அந்தப் பத்தடி குறையாமல் பார்த்துக்கொண்டேன். அவள் யாரிடமாவது நின்றால் நானும் நின்று கடலைப் பார்ப்பேன். அவளும் என்னைக் கூப்பிடவில்லை.

நான் எடுத்தவை

அன்று என் தோள்பையில் இன்னொரு கட்டுப் படங்களும் இருந்தன. நான் எடுத்தவை.

மதுரையில் காட்சித் தொடர்பியல் படித்தேன். இப்போது தேனியில் கல்யாணங்களுக்குப் படம் எடுக்கிறேன். மற்ற நாட்களில் கடற்கரைகளில் விற்கிறவர்களை எடுக்கிறேன். ஒளிந்து நின்று எடுப்பதில்லை. பெயர் கேட்டு, ஊர் கேட்டு, முகத்துக்கு நேரே நின்று எடுப்பேன். எடுத்த படத்தை அவர்கள் கையில் கொடுத்துவிட்டுத்தான் வருவேன்.

அவர்களை எடுக்க எடுக்க, ஒவ்வொருவர் வேலையும் அவரவர் உடம்பில் தெரிந்தது. ஆண்டிபட்டிப் பக்கத்துக்காரர் ஒருவர், கரி அடுப்பில் சோளம் சுட்டு விற்பவர். விசிறிய விசிறலில் வலது தோள் இடது தோளைவிட இறங்கியிருக்கும். அவரைக் கடலைப் பார்த்து நிற்கச் சொன்னேன்.

"எதுக்கு ஆத்தா?" என்றார். "வாரவுகல்லாம் கடலப் பாத்து உக்காருவாக. நாம அவுகளப் பாத்து நிக்கணும். வந்த நாள்லயிருந்து எனக்குக் கடல் முதுகுக்குப் பின்னாடிதேன். அது என்ன நெறம்னு கேட்டீகன்னா யோசிச்சுத்தேன் சொல்லணும்."

அவரை அப்படியே எடுத்தேன். இறங்கிய தோளும் பின்னால் மங்கிய கடலும். நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அதற்குப் பிறகு அம்மாவை எடுத்தேன். கூடையோடு, சும்மாட்டோடு, சாக்ஸோடு. அவளைச் சம்மதிக்க வைக்க ஒரு வாரம் ஆனது.

அந்தக் கட்டைத்தான் அதிகாரி முன்னால் வைத்தேன். கர்வத்தோடுதான் வைத்தேன். அவர் நேரம் எடுத்துப் பார்த்தார். பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது.

"ரொம்ப அழகாயிருக்கு" என்றார். "ஆனா இது போன வருஷம் எடுத்தது. போன வருஷம் வந்தவங்களும் இப்படி ஒரு படம் காட்டலாமே. எனக்குப் பழைய படம் வேணும். கூடையோட. ஒண்ணு போதும்." நாட்காட்டியைப் பார்த்தார். "அடுத்த வெள்ளிக்கிழமை வரை நான் வாங்கிக்கலாம். அது கழிஞ்சா என் கையில இல்லை."

பிறகு அம்மாவிடம் கேட்டார். "வீட்டில் அப்படி ஒண்ணு இருக்கா சேச்சி?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் குடைகளைப் பார்த்தேன்.

"இல்லீங்க மேடம்" என்றாள் அம்மா.

ஒரு படம் இருந்தது. அது எனக்குத் தெரியும்.

தபாலில் வந்தது

எட்டாம் வகுப்பில் எனக்கு ஆங்கில எழுத்து அழகாக வரும் என்று பெயர். எங்கள் வீட்டு முகவரியை ஓர் அட்டையில் எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டு அம்மாவிடம் கொடுத்திருந்தேன். வழியில் அவளுக்கு ஏதாவது ஆனால் யாராவது ஒரு வரி எழுதிப் போடுவார்கள் அல்லவா, அதற்காக. அவள் அதைச் சுருக்குப்பையில் வைத்திருந்தாள்.

நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தபோது, வெளிநாட்டுத் தபால்தலை ஒட்டிய உறை ஒன்று கோம்பைக்கு வந்தது. என் எழுத்தைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து வரைந்த மாதிரி முகவரி. உள்ளே ஒரே ஒரு படம்.

அம்மா ஈர மணலில் நின்றுகொண்டிருந்தாள். தலையில் சும்மாடு. அதன் மேல் கூடை. உரித்த அன்னாசி இரண்டு, பூவாக அறுத்த மாங்காய்கள், பப்பாளி ஒன்று. வலது கை மேலே போய்க் கூடை விளிம்பைப் பிடித்திருந்தது. சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் அப்படிப் பல் தெரியச் சிரித்து வேறு எந்தப் படத்திலும் நான் பார்த்ததில்லை.

"கூடையோட எப்பிடிம்மா எடுக்க விட்ட?" என்று கேட்டேன்.

"தாடிக்காரரு. அன்னைக்குப் போணி பண்ணுனதே அவருதேன். ஒரு முழு அன்னாசி வாங்குனாரு. அவருக்கு எப்பிடி மாட்டேன்னு சொல்றது?"

அந்த ஆனியில் எனக்கு மதுரையில் கல்லூரியும் விடுதியும் கிடைத்தன. விடுதியில் எல்லோரும் அலமாரிக் கதவின் உள்பக்கம் வீட்டுப் படம் ஒட்டுவார்கள் என்று, முன்னால் படித்த ஒரு அக்கா சொல்லியிருந்தாள். புறப்படுவதற்கு முந்தின நாள் பகலில், அம்மா நடவுக்குப் போயிருந்தபோது, கத்திரிக்கோலை எடுத்தேன். அளவுகோல் வைத்துப் பென்சிலால் கோடு போட்டேன். சும்மாட்டின் நடுவில் கோடு வந்தது. வெட்டினேன்.

மேல் பாதி தரையில் விழுந்தது. கூட்டி வாரிக் குப்பையோடு தள்ளினேன். கீழ்ப்பாதியைப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு மதுரைக்குப் போனேன்.

விடுதியில் என் அறைக்காரி ஒருநாள் கேட்டாள். "உங்கம்மா எதுக்குக் கையைத் தூக்கியிருக்காங்க?"

வெட்டியதில் கை மணிக்கட்டோடு நின்றிருந்தது. நான் அதைக் கவனித்திருக்கவே இல்லை.

"டாட்டா காட்டுறாக" என்றேன்.

"யாருக்கு?"

"எனக்குத்தேன்."

அம்மாவுக்கு என்ன வேலை என்று கேட்டபோது, "கேரளாவில டூரிசத்துல இருக்காக" என்றேன். மூன்று வருடமும் அதுவே பதில். யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. நானே வலியச் சொன்ன நாட்களும் உண்டு.

லோயர் கேம்ப் இறக்கம்

மறுநாள் விடிந்ததும் ஊருக்குப் புறப்பட்டோம். அம்மா ஜன்னலோரம். கோட்டயம் வரைக்கும் மூக்கம்மா அத்தையைப் பற்றிப் பேசினாள். குமுளி தாண்டி மலை இறக்கம் தொடங்கியது. லோயர் கேம்ப் மின்நிலையத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகும் பெரிய குழாய்கள் மலைச்சரிவில் இறங்குவது தெரிந்தது. கீழே எங்கள் பள்ளத்தாக்கு, நடவு முடிந்து இளம் பச்சையாகக் கிடந்தது. பஸ் வளைவுகளில் திரும்பும்போதெல்லாம் அவள் தோள் என் தோளில் சாய்ந்து விலகியது.

கீழே இறங்கிவிட்டால் சொல்ல மாட்டேன் என்று எனக்குத் தோன்றியது.

"ஒரு படம் இருந்துச்சும்மா. கூடையோட. தாடிக்காரரு அனுப்புனது."

அம்மா திரும்பவில்லை.

"நான் வெட்டிட்டேன். ஹாஸ்டலுக்குப் போறப்ப. கூடைய வெட்டிட்டு உன் மொகத்த மட்டும் எடுத்துட்டுப் போனேன்."

இரண்டு வளைவுகள் கடந்தன. எதிரே ஏறிவந்த லாரிக்காக எங்கள் பஸ் ஒதுங்கி நின்றது.

"மொகம் இருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கு. தேனி ரூம்ல."

"சரி" என்றாள். அவ்வளவுதான். கம்பத்தில் பஸ் நின்றபோது இரண்டு வடை வாங்கி ஒன்றை என் கையில் வைத்தாள். அது ஆறும் வரைக்கும் நான் கையிலேயே வைத்திருந்தேன்.

துணி மூட்டை

பருவம் முடிந்து ஊர் வந்ததும் அம்மா செய்யும் முதல் வேலை, பழக்கத்திக்குத் தேங்காய் எண்ணெய் பூசுவது. பிறகு கத்தியைச் சும்மாட்டுத் துணியில் சுற்றி, மிளகாய்ப்பொடி டப்பாவோடு சேர்த்து ஒரு மூட்டையாகக் கட்டி, தகரப்பெட்டியின் அடியில் வைப்பாள். அடுத்த ஐப்பசிவரை அதை யாரும் அவிழ்ப்பதில்லை. எங்கள் வீட்டில் எல்லாப் பொருளையும் நான் எடுத்துக் கலைத்திருக்கிறேன். அந்த மூட்டையை ஒருநாளும் தொட்டதில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா அதை எடுத்து அவிழ்த்தாள். மடித்த பிளாஸ்டிக் உறை ஒன்று வெளியே வந்தது. எட்டாம் வகுப்பில் நான் முகவரி எழுதிக் கொடுத்த அட்டை. அதன் பின்னால், அதே உறைக்குள், மூன்று விரல் அகலத்தில் ஒரு துண்டு.

கூடை. இரண்டு அன்னாசி. மாங்காய்கள். வானம். கூடை விளிம்பைப் பிடித்திருந்த நான்கு விரல்கள்.

நான் அதைக் கையில் வாங்கினேன்.

"குப்பையில கெடந்துச்சு" என்றாள் அம்மா. "அன்னைக்குச் சரக்கு அம்புட்டு நல்லா அமைஞ்சிருந்துச்சு. பழத்த யாராச்சும் குப்பையில போடுவாகளா?"

"அந்த ஆபீஸ்ல சொல்லியிருக்கலாம்லம்மா?"

"நீ பேசாம இருந்த. நானும் பேசாம இருந்தேன்." மூட்டையைத் திரும்பக் கட்டத் தொடங்கினாள். "மேப்பாதி எங்கிட்ட. கீப்பாதி உங்கிட்ட. நீ வாயத் தெறந்தாத்தான ஆகும்?"

அப்பா வாசலில் உட்கார்ந்து கவாத்துக் கத்திரியைத் தீட்டிக்கொண்டிருந்தார். எல்லாம் கேட்டிருக்க வேண்டும். உள்ளே வந்து அந்தத் துண்டை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, வெட்டின விளிம்பைப் பார்த்தார்.

"நேரா வெட்டியிருக்கா" என்றார்.

"யாரு மக?" என்றாள் அம்மா.

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அவர்கள் இரண்டு பேரும் அதைப் பார்க்காத மாதிரி அடுப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

எலி

தேனிக்குப் போய்க் கீழ்ப்பாதியை எடுத்து வந்தேன். வெள்ளிக்கிழமைக்கு ஒருநாள் முன்னதாகவே போய்விட்டோம். அதே மேசை, அதே தகரச் சத்தம். இரண்டு துண்டையும் கண்ணாடி டேப் போட்டு ஒட்டியிருந்தேன். சும்மாட்டின் குறுக்கே மட்டும் ஒரு கோடு.

அதிகாரி படத்தைக் கையில் வாங்கினார். நெற்றிக்கு மேலே ஓடிய கோட்டைப் பார்த்தார். "இது எந்து பற்றி? எப்படிக் கிழிஞ்சது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "எலி மேடம். பெட்டியில எலி கடிச்சிருச்சு."

அவர் கோட்டின் மேல் விரல் நுனியை வைத்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இழுத்தார். பென்சில் தடம்கூட இன்னும் அழியவில்லை.

"நல்லாப் படிச்ச எலி போல" என்றார்.

பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். அம்மாவும் சிரித்துவைத்தாள். அதோடு விட்டிருக்கலாம். அம்மா என் முழங்கையைக் கீழே அழுத்திக்கொண்டுதான் இருந்தாள்.

"எலி இல்ல மேடம்" என்றேன். "நான்தான் வெட்டினேன். காலேஜ் போறப்ப."

"எதுக்கு?"

"அம்மா தலையில கூடை இருந்தது. அதான்."

அவர் என்னைப் பார்த்தார். என் பையிலிருந்த கேமராவையும் பார்த்தார். படத்தைத் திருப்பினார்.

பின்பக்கத்தை நாங்கள் இருவரும் கவனித்திருக்கவில்லை. ஒட்டும்போது முன்பக்கத்தைச் சரியாகப் பொருத்துவதிலேயே என் கண் இருந்தது. மேல் துண்டின் முதுகில் ஊதா மையில் ஒரு வரி. அந்தக் கடற்கரையின் பெயர், மாதம், வருடம். கீழ்த் துண்டில் "அன்னாசி விற்கும் பெண்மணிக்கு நன்றி" என்று ஆங்கிலத்தில். அத்தனை வருடம் விடுதி அலமாரியிலும் தேனி அறையிலும் என் கதவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் இருந்த வரி. பசை தடவிய இடத்தில் இரண்டு எழுத்து உரிந்திருந்தது.

அதிகாரி அந்த வருடத்தை ஒரு தாளில் எழுதிக்கொண்டார். இரண்டு பக்கத்தையும் நகல் எடுத்தார். முத்திரை விழுந்த சத்தத்துக்கு அம்மாவின் தோள் ஒருமுறை குலுங்கியது.

"சேச்சி, இங்கே பாருங்க" என்று கம்ப்யூட்டருக்கு மேலிருந்த சின்னக் கேமராவைக் காட்டினார். அட்டைக்குப் படம் எடுக்க வேண்டுமாம்.

அம்மா தலைமுடியைக் கையால் ஒதுக்கினாள். சற்று யோசித்தாள். "கூடையோட எடுக்கலாமா மேடம்? ரூம்ல கெடந்தத எடுத்தாந்து வெளியில வச்சிருக்கேன்."

"முகம் மட்டும்தான் சேச்சி. தோளுக்கு மேலே."

இரண்டு வாரம் கழித்து அட்டை தபாலில் வந்தது. அம்மா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுலயும் கூடை விழுகலையே" என்றாள்.

அந்த ஐப்பசியில் நானும் அவளோடு போனேன். அட்டையைக் கழுத்தில் தொங்கவிட ஒரு கண்ணாடி உறை கொடுத்திருந்தார்கள். அதில் அட்டைக்கு முதுகோடு முதுகாக டேப் போட்ட படத்தை வைத்திருந்தாள். முகம் உள்ள அட்டை ஒருபக்கம், கூடையுள்ள படம் மறுபக்கம். காற்று அதைப் புரட்டிக்கொண்டே இருந்தது.

முதல்நாள் காலை. அலை பின்வாங்கிய இடத்தில் மணல் கறுத்து இறுகியிருந்தது. மூக்கம்மா அத்தை தூரத்தில் யாருக்கோ மாங்காய் அறுத்துக்கொண்டிருந்தாள். அம்மா குனிந்து, சும்மாட்டைத் தலையில் வைத்து, கூடையை ஏற்றி நிமிர்ந்தாள். வலது கை மேலே போய் விளிம்பைப் பிடித்தது. நான் கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனேன்.

"இரு புள்ள" என்றாள். "போணி ஆகட்டும்."

கேமராவை மூடிப் பையில் வைத்தேன். அம்மா ஈர மணலில் நடந்தாள். அவள் கூடவே நடந்தேன்.